தை அமாவாசைக்குப் பிறகு இரண்டு நாள்

வீரணன் பாய்ந்து இறங்கினான். சரளைக்கல் காலடியில் உருண்டது. முழங்கால் தேய்ந்து ரத்தம் வழிந்ததை அவன் கவனிக்கவில்லை. காதை மட்டும் முன்னால் விட்டு ஓடினான்.

"ஏய்! நில்லுடா! எந்தக் கருங்காலிடா நீ?"

மூடுபனிக்குள்ளிருந்து சலங்கைதான் பதில் சொன்னது.

ஜல்.

பிறகு சத்தமில்லை. ஒரு எட்டு. இரண்டு எட்டு.

ஜல்.

தபால் ரன்னர் ஓடினால் எட்டுக்கு எட்டு ஜல் ஜல் என்று கேட்கும். சலங்கை கட்டிய ஈட்டிக்கம்பும் காலும் சேர்ந்தே தரையில் படும். மூன்றெட்டுக்கு ஒரு தடவை கம்பை ஊன்றி வருகிற நடை இந்த மலையில் ஒரே ஒருவனுக்குத்தான் இருந்தது. ஒச்சப்பனுக்கு. அதுவும் காய்ச்சல் கண்டு, உடம்பு தளர்ந்து, கம்பை ஊன்றி ஊன்றி அவன் ஓடிய அந்தக் கடைசி மாசத்தில்.

ஒச்சப்பன் செத்து மூன்று மாசம் ஆகிறது. புதைத்தவர்களில் வீரணனும் ஒருத்தன்.

பகல் பதினொரு மணிதான். ஆனால் குரங்கணிக்கு மேலே அந்தச் சரிவில் வெயில் என்று ஒன்று இருப்பதையே பனி மறைத்திருந்தது. வளைவில் ஒரு கணம் பனி விலகியது. அவன் பார்த்தான்.

மழைக்குப் போர்த்தும் சாக்குக் கொங்காணி. அதற்குள் ஒரு உருவம். கையில் ஈட்டிக்கம்பு. எல்லாம் சரி, உயரம் மட்டும் சரியில்லை. தலை இருக்க வேண்டிய இடத்துக்கு மேலே இன்னொரு தலை இருந்தது.

பனி மூடிக்கொண்டது.

வீரணன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். எழுந்து குரங்கணிக் கொட்டகைக்கு அவன் வந்து சேர்ந்தபோது ஆள் யாருமில்லை. கொட்டகைத் தூணில் அடித்த கொக்கியில் தபால் பை தொங்கியது. அது இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

*

போடிநாயக்கனூரிலிருந்து ஏலமலைத் தோட்டங்களுக்கு தபால் போக ஒரே வழி கால்தான். வண்டி ஏறாத சரிவு. கீழிருந்து குரங்கணி வரைக்கும் ஒரு கோஷ்டி கொண்டுவரும். குரங்கணியிலிருந்து மலைமேல் தபாலாபீசு வரைக்கும் மூன்று பேர். மொக்கச்சாமி, வீரணன், ஒச்சப்பன். மொக்கச்சாமி வீரணனின் அக்காள் புருஷன்.

முன்பெல்லாம் பை ஒருத்தன் தோளிலிருந்து அடுத்தவன் தோளுக்குக் கை மாறும். தரையில் படக்கூடாது. போன புரட்டாசியில் விஷக்காய்ச்சல் மலையேறி வந்தது. தோட்டக் கூலிகள் குடியிருந்த லயத்துக்கு லயம் பிணம். அன்றையிலிருந்து ஓவர்சியர் ராக்கையா ஒரு புது ஏற்பாடு செய்தார். வேங்கைமரத்தில் ஒரு கொக்கி, கொட்டகையில் ஒரு கொக்கி, மேலே ஆபீசு வாசலில் ஒரு கொக்கி. பையை மாட்டிவிட்டுச் சலங்கையை மூன்று தட்டுத் தட்டி விலகிவிட வேண்டும். அதன்பிறகுதான் அடுத்தவன் கிட்டே வரலாம். ஆளை ஆள் பார்ப்பதே நின்றது. சத்தத்தை வைத்துத்தான் இன்னார் என்று தெரியும்.

ஒச்சப்பனுக்குக் காய்ச்சல் வந்தது அப்போதுதான். "முடியலை, நிப்பாட்டிக்கிறேன்" என்று ஆள்விட்டுச் சொன்னான். ராக்கையா சட்டத்தைச் சொன்னார். தபால் சுமக்கிறவன் ஒரு மாசத்துக்கு முன்னால் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்காமல் நிறுத்தினால் ஒரு மாசம் ஜெயில், இல்லையென்றால் ஐம்பது ரூபாய் அபராதம், இல்லை இரண்டும். ஒச்சப்பன் கைநாட்டு வைத்து நோட்டீஸ் கொடுத்தான். அந்த ஒரு மாசமும் ஓடினான். மாசம் முடிகிற நாளன்று பையைக் கொக்கியில் மாட்டிவிட்டுத் திரும்பும் வழியில், ஏழாவது மைல் கல்லில் விழுந்து செத்தான்.

அங்கேயே புதைத்தார்கள். அவன் ஈட்டிக்கம்பைத் தலைமாட்டில் நட்டார்கள். சலங்கைகளின் வாயில் வீரணன்தான் களிமண் வைத்து அடைத்தான். செத்த ரன்னருக்கு அப்படித்தான் செய்வது. இனிமேல் சத்தம் கேட்கக்கூடாது.

அதன்பிறகு மூன்று பேர் சோலியை இரண்டு பேர் பார்த்தார்கள். "மேல்சரிவுல ஒத்தையா ஓட மாட்டோம். சோடிக்கு ஆள் போடணும். இல்லன்னா நிறுத்திருவோம்" என்று மொக்கச்சாமியும் வீரணனும் நோட்டீஸ் எழுதி வாங்கிக் கைநாட்டு வைத்தது மார்கழி அமாவாசையன்று. நாளை எண்ணியது வீரணன்.

"அமாவாசைக்கு அமாவாசை ஒரு மாசம். தை அமாவாசை அன்னிக்கு நம்ம கடன் முடிஞ்சது மச்சான்."

"சரியாப் பாத்தியாடா?"

"ரெண்டாங்கிளாஸ் வரைக்கும் படிச்சவன்கிட்ட கேக்குற கேள்வியா இது?"

தை அமாவாசை விடிந்ததும் இருவரும் தங்கள் சலங்கைகளில் களிமண் அடைத்துக் கொட்டகையில் சாத்தினார்கள். ஊரே செத்தவர்களுக்குச் சோறு படைத்துக்கொண்டிருந்த நேரம். பதினொரு மணிக்கு மலைமேலிருந்து சலங்கை கேட்டது.

ஜல். இரண்டு எட்டு. ஜல்.

வீரணனின் அக்காள் பேச்சி படையல் இலையை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாளும் கேட்டது. அன்றைக்குத்தான் வீரணன் வேங்கைமரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்து துரத்தியது.

*

பையை அவன் தொடவில்லை. வீட்டைப் பார்க்க ஓடினான். தெருமுனையிலேயே பேச்சியின் அழுகை கேட்டது.

வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள். நடுவில் மொக்கச்சாமி. ஓவர்சியர் ராக்கையா கறுப்புக் கோட்டின் பித்தானைத் திருகியபடி நின்றார். அவருக்கு இந்த வேலை பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"என்னங்கய்யா இது? நோட்டீஸ் குடுத்து மாசம் முடிஞ்சிருச்சுல்ல?"

"எங்கப்பா முடிஞ்சது?" என்றார் ராக்கையா. "நீ நோட்டீஸ் குடுத்தது ஜனவரி ரெண்டாந்தேதி. பிப்ரவரி ஒண்ணாந்தேதி பொழுது சாஞ்சாத்தான் ஒரு மாசம். நேத்து முப்பத்தொண்ணு. இன்னிக்கு ஒண்ணு. ரெண்டு நாள் முன்னாடியே நிறுத்திட்டீங்க."

"அமாவாசைக்கு அமாவாசை..."

"சர்க்காருக்கு ஏதுப்பா அமாவாசை? அதுக்குக் காலண்டர்தான்."

எண்ணியது வீரணன். 'சரியாப் பாத்தியாடா' என்று கேட்டதற்குச் சிரித்ததும் அவன்தான்.

மொக்கச்சாமி இருமினான். போன மாசம்தான் அந்தக் காய்ச்சல் அவனைப் பிடித்து விட்டிருந்தது. நெஞ்சு இன்னும் துருத்தி மாதிரி இரைந்தது. ஜெயிலில் இப்போது அதே காய்ச்சல். உள்ளே போனவர்களில் பாதிப் பேர் பாயில் சுருட்டித்தான் வெளியே வருகிறார்கள் என்று சந்தையில் பேச்சு. பேச்சி அழுததும் அதற்காகத்தான்.

"ஆத்தா, ஊரைக் கூட்டாத," என்று மொக்கச்சாமி பெண்டாட்டியை அதட்டினான். பிறகு மச்சினனைப் பார்த்துச் சிரித்தான். "என்ன மாப்ளே, பேயைப் புடிச்சியா?"

"பாத்தேன் மச்சான். ரெண்டு தலை."

"ஒச்சப்பனுக்கு இருந்த ஒரு தலையே சும்மாதானடா கெடந்துச்சு! செத்ததும் புத்தி வந்திருச்சு போல. நமக்குத் தெரியாத தேதி அவனுக்குத் தெரிஞ்சிருக்கு பாரேன்."

போலீஸ்காரன்கூடச் சிரித்துவிட்டான். ராக்கையா மட்டும் சிரிக்கவில்லை.

"மொதக் கைநாட்டு அவனோடது, அதனால இப்பவே கூட்டிட்டுப் போறோம். நீ திங்கக்கிழமை காலையில போடி சாவடிக்கு வந்துரு. மாஜிஸ்திரேட் முகாம் அங்கதான்" என்றார் வீரணனிடம். பிறகு குரலைத் தாழ்த்தினார். "தப்பிக்க ஒரே வழிதான் இருக்கு. இன்னிக்கும் சலங்கை கேட்டுச்சு. நேத்துப் பை நேரத்துக்கு வந்திருக்கு. என் புஸ்தகத்துல ஏறியிருக்கு. யாரோ ஓடியிருக்கான். அவன் உங்களுக்குப் பதிலாள்னு வந்து சொன்னா, தபால் நிக்கலை, கேஸும் நிக்காது. அந்த ஆளைத் தேடிப் புடி. வெரசா."

"ஆளா இருந்தாத்தானேங்கய்யா?"

ராக்கையா குடையை விரித்தார்.

*

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வீரணன் தனியாக ஏறினான். நேராக ஏழாவது மைல் கல்.

ஆளென்றால் ஈட்டிக்கம்பு எங்கிருந்து கிடைத்திருக்கும்? கொட்டகையில் சாத்திய இரண்டும் சாத்தினபடியே இருந்தன, களிமண் காய்ந்தபடி. மிச்சம் ஒரே ஒரு கம்பு. அது ஒச்சப்பனின் தலைமாட்டில் நிற்க வேண்டும்.

நின்றது.

மண்மேட்டின்மேல் புல் முளைத்திருந்தது. வீரணன் குனிந்து சலங்கைகளைப் பார்த்தான். ஒவ்வொன்றின் வாயும் திறந்திருந்தது. மூன்று மாசத்துக்கு முன் அவன் கட்டைவிரலால் அழுத்தி அடைத்த களிமண் துகள் துகளாக மேட்டின்மேல் சிந்திக் கிடந்தது. கம்பைச் சுற்றி மண் புதுசாகக் கிளறியிருந்தது, பிடுங்கித் திரும்ப நட்ட மாதிரி.

விரலால் ஒரு சலங்கையைத் தொட்டான். ஜல் என்றது. கையைச் சுட்டதுபோல் இழுத்துக்கொண்டான்.

"அண்ணே," என்றான் மேட்டைப் பார்த்து. அவனுக்கே அவன் குரல் வேறு யாருடையதோ போலிருந்தது. "நீதான் ஓடுனேன்னா உன்னைய எப்படிண்ணே நான் மாஜிஸ்திரேட் கச்சேரிக்குக் கூட்டிட்டுப் போவேன்?"

பனிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது.

டொக்.

ஒரு எட்டு. இரண்டு எட்டு.

டொக்.

சலங்கை இல்லை. ஆனால் அதே தாளம். கல்லில் கம்பு ஊன்றுகிற சத்தம். கிட்டே வந்தது. வீரணன் மைல் கல்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். பனியில் முதலில் தெரிந்தது அந்த இரண்டாவது தலைதான். அகலமாய், கறுப்பாய், ஆளுக்கு மேலே ஆடி ஆடி வந்தது.

பிறகு அது விறகுக்கட்டு ஆனது.

விறகுக்கட்டுக்குக் கீழே கொங்காணி. கொங்காணிக்குள் ஒச்சப்பனின் பெண்டாட்டி கருத்தம்மாள். ஒரு கை தலைச்சுமையைப் பிடித்திருக்க, மறுகையில் ஊன்றுகம்பு. தலையில் கனம் இருந்தால் எட்டுக்கு எட்டுக் கம்பு போட முடியாது. மூன்றாவது எட்டில்தான் ஊன்ற முடியும். மலையில் சுமை தூக்குகிற எல்லாப் பெண்களின் நடையும் இதுதான். தினம் பார்க்கிற நடை. பையைத் தலையில் வைத்து யாராவது தபால் ஓடுவார்கள் என்று யாருக்குத்தான் தோன்றும்?

"மதினி," என்றான் வீரணன். மூச்சு விட்டான். "நீங்களா?"

கருத்தம்மாள் நின்றாள். விறகை இறக்கவில்லை. புருஷன் செத்தபிறகு ஏலத் தோட்டத்தில் காய் பறித்துப் பிழைக்கிறவள், வழியில் பார்த்தால்கூட ஒரு பேச்சுக்கு மறுபேச்சு இல்லாதவள். திறந்து கிடந்த சலங்கைகளைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"நானேதான்."

"எதுக்கு மதினி?"

"கொக்கியில பை தொங்குச்சு. ஒரு ஆளும் எடுக்க வரலை. நீங்க நிறுத்திப்புட்டீகன்னு தெரிஞ்சுச்சு. இன்னும் ரெண்டு நாள் கெடக்கேன்னு எனக்குத் தெரியும். எறங்கி வந்து உன்கிட்டச் சொல்லி, நீ ஏறி வர்றதுக்குள்ள பொழுது போயிருக்கும்."

"அன்னிக்குச் சரி. மறுநாள் நான் துரத்துறப்ப நின்னு சொல்லிருக்கலாம்ல? பேய்னு நெனச்சு எனக்கு உசுரே போயிருச்சு."

"கருங்காலின்னு கத்துனியே. அது மட்டும் காதுல நல்லா விழுந்துச்சு."

வீரணன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு மொக்கச்சாமியைக் கொண்டுபோனதைச் சொன்னான். ஜெயில் காய்ச்சலைச் சொன்னான். தேதி எண்ணிய புண்ணியவான் தானேதான் என்பதையும் சொன்னான்.

"நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும் மதினி. பதிலாள்னு."

காய்ச்சல் என்ற வார்த்தையைக் கேட்டதிலிருந்து அவள் முகம் மாறியிருந்தது. மண்மேட்டைப் பார்த்தாள்.

"வர்றேன்," என்றாள். "ஆனா ஒண்ணு. ரெண்டு நாள் கொறையுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்னு மட்டும் நீ என்னையக் கேக்கக் கூடாது."

"கேக்கலை மதினி."

"கச்சேரிலயும் கேக்க மாட்டாகள்ல?"

"அவுக எதுக்குக் கேக்கப் போறாக?" என்றான் வீரணன். அமாவாசைக் கணக்கைப் போலவே இதையும் உறுதியாகத்தான் சொன்னான்.

*

போடி சாவடியில் திங்கட்கிழமைக் கூட்டம். ஏலக்காய் மூட்டைக்காரர்கள்கூட வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். செத்தவன் தபால் கொண்டுவந்த கதை அதற்குள் சந்தை முழுக்கப் பரவியிருந்தது.

மாஜிஸ்திரேட் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "மொக்கச்சாமி. முப்பத்தொண்ணாந்தேதியும் ஒண்ணாந்தேதியும் நீ ஓடினாயா?"

"ஓடலை எசமான்."

"ஓடவில்லை என்றால் பை எப்படி வந்தது?"

"செத்துப்போன ஒச்சப்பன் கொண்டாந்தான்னு ஊரே சொல்லுது. அவனுக்கும் ஒரு சம்மன் அனுப்பிப் பாருங்க."

கூட்டம் சிரித்தது. சிரிப்போடு சேர்ந்து மொக்கச்சாமிக்கு இருமல் வந்தது. அந்த இருமல் நிற்கக் காத்திருந்ததில் சிரிப்பு அடங்கிப்போயிற்று.

வீரணன் திரும்பிப் பார்த்தான். கருத்தம்மாள் முன்னால் வந்தாள்.

"நான் ஓடுனேன் எசமான். அவுகளுக்குப் பதிலாளா."

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். "நீயா? ஏழு மைல் சரிவில், பையைத் தூக்கிக்கொண்டு?"

"தலையில வச்சுக்கிட்டு."

"ஓவர்சியர், இது நடக்கக்கூடிய காரியமா?"

ராக்கையா மேசைமேல் கிடந்த பையையும் சாட்சிக்காகக் கொண்டுவந்திருந்த ஒச்சப்பனின் ஈட்டிக்கம்பையும் அவளிடம் நீட்டினார். கருத்தம்மாள் பையைத் தலைக்கு ஏற்றினாள். சாவடித் தரையில் நடந்தாள்.

ஜல். ஒரு எட்டு. இரண்டு எட்டு. ஜல்.

குற்றவாளிக் கூண்டில் உட்கார்ந்திருந்த மொக்கச்சாமி தன்னையறியாமல் எழுந்து நின்றான். சலங்கை கேட்டால் எழுந்து தோளைக் கொடுத்தே பழகிய உடம்பு. எழுந்தவன் முகம் வெளுத்திருந்தது.

"ஒச்சப்பன்," என்றான் மெதுவாக. "அப்படியே ஒச்சப்பன்."

மாஜிஸ்திரேட் தலையை ஆட்டினார். ஆனால் ராக்கையா தொண்டையைக் கனைத்தார். அவர் நேர்மையான மனுஷன். அதுதான் வினையாயிற்று.

"ஒரு சங்கதி எசமான். ரன்னருக்கு முடியலைன்னா பதிலாள் போறது வழக்கம்தான். ஆனா அந்த லைன்ல ஏற்கெனவே ஓடிப் பழகின ஆளா இருக்கணும். பழகாத ஆள் தொட்டிருந்தா அது பதிலாள் இல்லை. பைத் திருட்டு. அதுக்குத் தண்டனை இதைவிடப் பெருசு."

கூட்டம் கருத்தம்மாளைத் திரும்பிப் பார்த்தது.

"கேட்டாயா அம்மா?" என்றார் மாஜிஸ்திரேட். "இந்த லைனில் இதற்கு முன்னால் நீ ஓடியிருக்கிறாயா? இல்லை என்றால் சொல்லிவிடு. உன்னை நான் இதில் இழுக்கவில்லை. அந்த இரண்டு பேரோடு போகட்டும்."

கருத்தம்மாள் வீரணனைப் பார்த்தாள். 'வேண்டாம் மதினி' என்று சொல்ல அவன் வாயெடுத்தான். அதற்குள் மொக்கச்சாமி மறுபடியும் இருமினான். அவள் கண் அந்தப் பக்கம் போயிற்று. அந்த இருமலை அவள் வேறு எங்கோ கேட்டிருக்கிறாள் என்பது போலப் பார்த்தாள்.

"ஓடிருக்கேன் எசமான்."

"எத்தனை நாள்?"

"ஒரு மாசம். போன புரட்டாசி அமாவாசைக்கு மறுநாள்லேருந்து."

ராக்கையாவின் கை புத்தகத்தின்மேல் நின்றது. "அது ஒச்சப்பன் ஓடுன மாசம்."

"அவரு ஓடலைங்கய்யா. நோட்டீஸ் குடுத்த அன்னிக்கே அவருக்கு எந்திரிக்க முடியலை. மாசம் ஓடணும்னு சொன்னீக. நான் ஓடுனேன். கொக்கியில மாட்டிட்டு விலகிருவேன். ஒருத்தரும் கிட்டத்துல பாக்கலை."

"நான் எப்படி நம்புவது?" என்றார் மாஜிஸ்திரேட்.

"தீபாவளி அமாவாசையோட மாசம் முடிஞ்சிருச்சுன்னு நானும் நெனச்சேன். அன்னிக்குக் காலையில போகலை. மத்தியானம் ஓவர்சியரய்யா வந்து குடிசைக்குத் தூரத்துல நின்னு, 'ஒச்சப்பா, இன்னிக்கும் நாளைக்கும் பாக்கி இருக்கு'ன்னு சத்தம் போட்டாக. அதுக்குப் பொறகு எடுத்துட்டு ஓடுனேன். அன்னிக்குப் பை பிந்தித்தான் வந்திருக்கும். பாருங்க."

ராக்கையா பக்கங்களைத் திருப்பினார். விரல் ஒரு வரியில் நின்றது.

"நவம்பர் மூணு. பை மூணு மணி நேரம் தாமதம்." புத்தகத்தை மூடினார். "நான்தான் சத்தம் போட்டேன். உள்ளேருந்து பதில் வரலை. கேட்டிருப்பான்னு நெனச்சுட்டுத் திரும்பிட்டேன்."

மாஜிஸ்திரேட் எழுதினார். நெடுநேரம் எழுதினார். தபால் ஒரு நாளும் நிற்கவில்லை, லைனில் பழகிய பதிலாள் ஓடியிருக்கிறாள், எனவே இருவரும் வேலையை விட்டு விலகியதாக ஆகாது, விடுதலை. அவர் கேட்டதற்கு, மேல்சரிவுக்குச் சோடி ஆள் போட மேலே எழுதுவதாக ராக்கையா சொன்னார். அவர் குரல் யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை.

*

சாவடிக்கு வெளியே பேச்சி புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கூட்டம் கலைந்தது. கருத்தம்மாள் யாரிடமும் சொல்லாமல் மலையைப் பார்க்க நடந்துவிட்டாள். ஈட்டிக்கம்பை அவளிடமே கொடுத்திருந்தார்கள். சலங்கைகளை முந்தானையால் சுற்றிப் பிடித்திருந்தாள்.

வீரணன் குரங்கணிப் பாதையில்தான் அவளைப் பிடித்தான்.

"மதினி, நில்லுங்க. கேக்கக் கூடாதுன்னு சொன்னீக. நானும் கேக்கலை. கேட்டது அவுக."

"தெரியும்."

"உங்களுக்குப் பெரிய கடன் பட்டுட்டோம்."

அவள் நடந்துகொண்டே இருந்தாள். அவனும் நடந்தான். ஒரு விஷயம் சாவடியிலிருந்தே அவன் மண்டைக்குள் உருண்டுகொண்டிருந்தது. கூட்டத்துக்குத் தோன்றவில்லை, மாஜிஸ்திரேட்டுக்கும் தோன்றவில்லை. புதைத்தவனுக்குத்தான் தோன்றும்.

"அண்ணனால எந்திரிக்கவே முடியலைன்னு சொன்னீக."

"ம்."

"பெறகு எப்படி மதினி ஏழாவது மைல் கல்லுல கெடந்தாரு?"

கருத்தம்மாள் நின்றாள். அன்றைக்குப் பனி இல்லை. மேலே வேங்கைமரமும், அதற்கு மேலே வளைந்து போகிற பாதையும் பளிச்சென்று தெரிந்தன.

"கடைசி நாள் காலையில நான் பையை எடுக்கக் கெளம்பையில என் கையைப் புடிச்சுக்கிட்டாரு," என்றாள். "பேச்சு வரலை. புடிச்ச கை மட்டும் விடலை. இன்னிக்கு ஒரு நாள்தான், போயிட்டு வந்துர்றேன், இல்லன்னா உம்மை ஜெயிலுக்குக் கொண்டு போயிருவாகன்னு சொன்னேன். ஒவ்வொரு வெரலாப் பிரிச்சுட்டுப் போனேன்."

வீரணன் அவள் விரல்களைப் பார்த்தான்.

"திரும்பி வந்தப்போ கை நீட்டுனபடியே இருந்துச்சு. குடிசையில செத்துக் கெடந்தா அன்னிக்குப் பை கொண்டாந்தது யாருன்னு கேப்பாகல்ல? ஓடுறப்பச் செத்தவராத்தான் இருக்கணும்." அவள் மேலே, பாதையைப் பார்த்தாள். "விறகு தூக்குற மாதிரி தலையில வச்சுத்தான் கொண்டு போனேன். ஏழாவது மைல் வரைக்கும். சலங்கைக் கம்பை ஊனிக்கிட்டு. கீழ நீங்க எல்லாம் அதைக் கேட்டிருப்பீக. ஒச்சப்பன் திரும்பிப் போறான்னு நெனச்சிருப்பீக."